இறந்தவர்கள் இவ்வழியாகத் தேநீருக்கு

அகதி விசாரணைக்கு முதல் நாள் ஒரு மனிதன் எங்கே போகவேண்டும் என்று கனடாச் சட்டத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. அந்தக் குறையை ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்துகொண்டு வினோதன் நிவர்த்தி செய்து வந்தான். அவன் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணியிடம் ஆள் கூட்டிக்கொண்டு போகிறவன். ஆனால் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். மேசையில் சின்னதாக ஒரு கனடாக் கொடியும், சட்டத்தரணியினுடையதைவிடப் பெரிய சுழல் கதிரையும் வைத்திருந்தான்.

"குலேந்திரன் அண்ணை, உங்கட கேஸ் நல்ல கேஸ். ஆனா நீங்கள் சொல்லுற விதம் சரியில்லை. கரண்ட் பில் வாசிக்கிற மாதிரிச் சொல்லுறியள்."

"நடந்ததைத்தானே சொல்லுறன்."

"நடந்தது எல்லாருக்கும்தான் நடந்தது. அகதி போர்ட் நம்பவேணுமெல்லே. திங்கள் விசாரணை, கியரிங். ஞாயிறு உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்கை போயிட்டு வந்த என்ர ஆக்கள் ஒருத்தரும் இன்னும் தோக்கேல்லை."

குலேந்திரன் சரி என்றான். அவனுடைய மனைவி அருள்மலரும் மகள் சிவானியும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் அந்த லொட்ஜின் கதவைத்தான் பொலிஸ் முதலில் தட்டும். திங்கட்கிழமை இவனை நம்பினால் அவர்கள் இங்கே வரலாம். நம்பாவிட்டால் இவன் அங்கே போகவேண்டும். இதற்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று இல்லை.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, பட்டினி கிடந்த சனம் கப்பலேறி ரொறன்ரோவில் வந்து இறங்கி நூற்றைம்பது வருடமாகியிருந்தது. அதைக் கொண்டாடுவதா, துக்கம் காப்பதா என்று முடிவெடுக்க முடியாத ஒரு பாரம்பரிய அறக்கட்டளை, இரண்டையும் ஒரே ரிக்கற்றில் செய்துகொண்டிருந்தது. ஸ்காபரோவைத் தாண்டிக் கிழக்கே, ஒன்ராறியோ வாவிக்கரையில், கல்லுக் கல்லாக அயர்லாந்திலிருந்து கொண்டுவந்து அடுக்கிய ஒரு கிராமம். அதற்குள் போகிறவர்கள் வெறுமனே பார்த்துவிட்டு வரமுடியாது. ஆளுக்கொரு பழைய பெயர் கொடுப்பார்கள். அந்தப் பெயரோடு பட்டினி கிடந்து, காய்ச்சலில் படுத்து, கடைசியில் குடிவரவுப் பரிசோதகர் முன் நின்று, "இவன் இறங்கலாம்" என்ற தீர்ப்பையும் வாங்கவேண்டும்.

"அச்சொட்டா போர்ட் மாதிரியே கேப்பினம் அண்ணை. வெள்ளைக்காரனே காசு குடுத்துப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்லுறான் எண்டா பாருங்கோவன்."

ஞாயிறு காலை மல்வேர்ன் ரவுன்ஹவுஸ் வாசலில் வினோதனின் வான் வந்து நின்றது. குலேந்திரன் குடியிருந்த நிலவறையின் மேல்தளத்துக்காரி, ஒன்றுவிட்ட அக்கா யோகமலர், றோல்ஸ் நிறைந்த பையோடு முதல் ஆளாக ஏறிவிட்டாள்.

"நீ ஏன் அக்கா?"

"நான் இந்த நாட்டுக்கு வந்து ஃபக்ரரியையும் நோ ஃபிறில்ஸ் கடையையும் தவிர என்னத்தைக் கண்டன்? ஒரு நாளைக்கு அயர்லாந்தைத்தான் பாப்பமே."

வாவிக்கரையில் வெயில் இல்லை. மற்ற இடமெல்லாம் வெயில் எறித்துக்கொண்டிருக்க, அந்தக் கிராமத்தின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் புகை தொங்கியது. சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரிக்கும் வாசனையோடு அதை ஒரு இயந்திரம் கக்கிக்கொண்டிருந்தது. கூரைகளின் விளிம்பில் குழாய் பூட்டி, இடைவிடாமல் மழை பெய்ய வைத்திருந்தார்கள்.

வாசலில் கம்பளி அங்கி அணிந்த ஒரு பெண், இந்த நூற்றாண்டுக்குரிய பொருட்களை எல்லாம் ஒப்படைக்கச் சொன்னாள். குலேந்திரனின் கைக்கடிகாரம், பணப்பை, விட்டுப் பிரிய மனமில்லாமல் எங்கே போனாலும் நெஞ்சோடு கொண்டு திரிந்த அடையாள அட்டை, விசாரணை அழைப்பு எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின.

"எப்ப திருப்பித் தருவியள்?" என்று வினோதன் மூலம் கேட்டான்.

"கரையிறங்கியவர்களுக்கு அந்தப் பக்க வாசலில் கொடுப்போம்" என்றாள் அவள். "இறங்கினால்."

பின்னால் இரும்புக் கதவு மூடியது. உட்பக்கத்தில் அதற்குக் கைபிடி இருக்கவில்லை.

குலேந்திரனுக்குக் கிடைத்த அட்டையில் இருந்த பெயர் ஓவன் டொலன், ரொஸ்கொமன் மாவட்டம், விவசாயி. யோகமலருக்குக் கிடைத்தது பிரிஜெற் என்ற விதவை. "ஐயோ, அவர் வீட்டில ரீவி பாத்துக்கொண்டிருக்கிறார்" என்று அவள் அட்டையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள். ஏற்றுக்கொள்ளவில்லை. வினோதன் தான் மொழிபெயர்ப்பாளன் என்று சொன்னதும் அவர்கள் பரபரப்படைந்தார்கள். அந்தக் காலத்து ஐரிஷ் விவசாயிகளில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது, கேலிக் மட்டுமே பேசினார்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளனோடு வரும் விவசாயி வரலாற்றுக்கு மிகவும் உண்மையானவன் என்று சொல்லி வினோதனுக்கு ஒரு உயர்ந்த தொப்பியும் கொடுத்தார்கள். அவன் அதை அன்று முழுவதும் கழற்றவில்லை.

உள்ளே பிளாஸ்ரிக் உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்துப்போய் நின்றன. நீர்த்த கஞ்சியை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். "உப்பில்லை" என்றாள் யோகமலர். அடுத்து குடியெழுப்பும் காட்சி. வாடகை கட்டாத விவசாயியின் வீட்டுக்கூரையை நிலச்சுவாந்தரின் ஆட்கள் கயிறு கட்டி இழுத்து விழுத்துவது. சனம் கமராவோடு சுற்றி நின்றது. கயிறு இறுகியது. உத்தரம் முறிந்து, கூரை முழுவதும் ஒரே வெடியோசையாக இறங்கியது.

புழுதி அடங்கியபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். குலேந்திரன் ஒரு வண்டிக்கு அடியில் முகங்குப்புறக் கிடந்தான். பக்கத்தில் யோகமலரும் கிடந்தாள், றோல்ஸ் பையை வயிற்றுக்குக் கீழே பாதுகாத்தபடி.

வழிகாட்டி அவர்களைக் குனிந்து பார்த்தாள். "தயவுசெய்து எழும்புங்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழில் மக்கள் இப்படிப் படுப்பதில்லை. நின்றபடி வானத்தை நோக்கி முஷ்டியை உயர்த்துவார்கள். உயர்த்துங்கள் பார்ப்போம்."

இருவரும் எழுந்து முஷ்டியை உயர்த்தினார்கள்.

அங்கிருந்து காய்ச்சல் கொட்டகை. நீளமான பலகைக் கட்டில்களில் வந்தவர்கள் எல்லோரையும் படுக்க வைத்து, தாதி ஒருத்தி அட்டைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சில அட்டைகளின் மூலையில் கறுப்புப் புள்ளி இருந்தது. புள்ளி உள்ளவர்களின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடினாள். விதவை பிரிஜெற்றுக்குப் புள்ளி இருந்தது. கொட்டகையின் பின்பக்கத்தில் ஒரு கதவு திறந்து, வெளிச்சமும் வெண்ணெய் வாசனையும் வந்தன. அதன்மேல் பலகை ஒன்று: 'இறந்தவர்கள் இவ்வழியாகத் தேநீருக்கு.'

"தம்பி, நான் செத்திட்டன்" என்றாள் யோகமலர், துணியை மடித்துக் கட்டிலில் வைத்தபடி. "நீ முடிச்சுக்கொண்டு வா. அங்கை கேக்கும் இருக்காம்."

அவள் பிரேதங்களோடு பிரேதமாகக் கதைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்தப்பட்டது. உயிரோடிருந்தவர்கள் இருட்டில் மிஞ்சினார்கள்.

பரிசோதனை மண்டபத்தில் உயரமான மேசைக்குப் பின்னால் டொக்டர் பிரெண்டன் லோஃப்ற்றஸ் இருந்தார். அறக்கட்டளையின் தலைவர். மற்ற வேடங்களை எல்லாம் மாணவர்களுக்குக் கொடுத்தவர், இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பித்தளைப் பொத்தான் அங்கி, இறகுப் பேனா. முதலில் அவர் எழுந்து நின்று பேசினார்.

"என் கொள்ளுத்தாத்தா இந்த வாவிக்கரையில் இறங்கியபோது கொதிக்கும் காய்ச்சலோடு நின்று, காய்ச்சல் இல்லை என்றார். தெரியாத தொழிலைத் தெரியும் என்றார். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, இவள் என் மனைவி என்றார். அந்தத் துணிவின் விளைவாகத்தான் நான் உங்கள் முன் நிற்கிறேன். ஆகவே நண்பர்களே, இந்த மண்டபத்தில் பொய்யை மட்டும் நான் ஒருபோதும் பொறுக்கமாட்டேன்."

சனம் தலையாட்டியது. அவர் தொடர்ந்தார். "இன்று வருகிறவர்களையும் எங்களையும் சிலர் ஒப்பிடுகிறார்கள். அவர்கள் விமானத்தில் வருகிறார்கள். உண்மையான துன்பம் கப்பலில்தான் வரும்."

குலேந்திரனின் முறை வந்தது. அவன் தமிழில் பெயரைச் சொன்னதும் டொக்டர் லோஃப்ற்றஸ் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னொருமுறை" என்றார்.

"நான் ஓவன் டொலன். ஊர் ரொஸ்கொமன். கமம் செய்யிறனான்."

"மேற்குக்கரைக் கேலிக்" என்று அவர் தன் ஆட்களிடம் திரும்பிச் சொன்னார். குரல் தழுதழுத்தது. "கலப்பில்லாதது. இந்த ஒலியை நான் மறுபடி கேட்பேன் என்று நினைக்கவில்லை." வினோதன் தொப்பியைத் தொட்டு ஆமோதித்தான்.

ஆனால் கேள்விகளில் இளக்கம் இருக்கவில்லை.

"ஓவன் டொலன், ரொஸ்கொமனில் பஞ்சம் என்றால் டப்ளினில் போய் இருந்திருக்கலாமே? தலைநகரம். பெரிய பட்டணம். உனக்கு அங்கே என்ன ஆபத்து?"

இந்தக் கேள்வி நாளைக்கு வரும் என்று சட்டத்தரணி குலேந்திரனை எச்சரித்திருந்தார். கொழும்பில் இருந்திருக்கலாமே? இதற்கான பதிலை அவன் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் பாடமாக்கியிருந்தான். அது தானாகவே வாயில் வந்தது.

"டப்ளினிலை இருக்க ஏலாது ஐயா. லொட்ஜிலை வந்து பிடிப்பினம். ஊர் எதெண்டு கேப்பினம். ரொஸ்கொமன் எண்டு சொன்னாலே ஏத்திக்கொண்டு போயிடுவினம். பொலிஸிலை பதிஞ்ச றிப்போர்ட் இல்லாமல் தெருவாலை நடக்கேலாது."

வினோதன் அதை அப்படியே மொழிபெயர்த்தான். டொக்டர் லோஃப்ற்றஸ் இரு பக்கத்திலும் இருந்த ஆராய்ச்சி மாணவர்களோடு கிசுகிசுத்தார்.

"டப்ளினில் அப்படி ஒன்றும் நடந்ததற்கு ஆதாரம் இல்லை" என்றார். "இந்த மனிதன் கதை கட்டுகிறான். கப்பலுக்கு அனுப்புங்கள்."

கப்பல் ஒரு குளத்தில் கட்டியிருந்தது. குனிந்துதான் இறங்கலாம். அடித்தட்டில், தண்ணீர் சொட்டும் பலகைகளுக்கு நடுவே, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருந்தார்கள். காலையில் பலர் இருந்தார்களாம். சொல்லிக்கொடுத்ததைத் திருத்தமாகச் சொல்லி ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். இப்போது மிஞ்சியிருந்தவர் ஒரு கிழவர் மட்டும். கியோ என்று பெயர் சொன்னார். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் பிறந்து, போன வாரம்தான் மகளைப் பார்க்க ரொறன்ரோ வந்தவர்.

"உங்களை ஏன் மறித்தவை?" குலேந்திரன் தன் ஆங்கிலத்தில் கேட்டான்.

"என் ஊரின் பெயரை நான் பிழையாக உச்சரிக்கிறேனாம்" என்றார் கியோ. "அந்த மனிதனுடைய சனம் ஊரை விட்டு ஓடினவர்கள். என்னுடைய சனம் அங்கேயே கிடந்தவர்கள். ஓடினவனுக்குத்தான் ஊர் நன்றாகத் தெரியுமாம்."

வினோதன் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணியோடு ஏணியால் இறங்கி வந்தான். மொழிபெயர்ப்பாளர்கள் எங்கேயும் போய்வரலாம்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. அப்பீல் போட்டிட்டன்."

"எனக்கு உந்த விளையாட்டு வேண்டாம் வினோதன். என்ர பையை வாங்கித் தாரும். நாளைக்குக் கியரிங். அழைப்பும் அடையாள அட்டையும் அதுக்குள்ளை."

"இறங்கினாத்தான் குடுப்பினமாம்."

"அப்ப நான் செத்துப் போறன் எண்டு சொல்லும். அக்கா செத்து, தேத்தண்ணி குடிச்சு, இப்ப வெளியிலை நிண்டு றோல்ஸ் சாப்பிடுறா."

வினோதன் போய்க் கேட்டு வந்தான். காய்ச்சல் கொட்டகையைப் பூட்டிவிட்டார்களாம். இனி இன்றைக்கு ஒருவரும் இறக்க முடியாதாம்.

மேலே நடமாட்டம் குறைந்துகொண்டு வந்தது. மழைக்குழாயை நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ சாவிக்கொத்துச் சத்தம் ஒவ்வொரு கதவாக நெருங்கியது.

"அண்ணை, சொல்லுறதைக் கேளுங்கோ" என்றான் வினோதன். "உருளைக்கிழங்குக் கதை உங்களுக்குச் சரிவராது. உங்கட கதையையே சொல்லுங்கோ. ஆமி எண்டுறதைப் பட்டாளம் எண்டு நான் மாத்திவிடுறன். சொந்தக் கதை எண்டா ஆர் நம்பாமல் விடுவினம்?"

அப்பீல் மேசையில் டொக்டர் லோஃப்ற்றஸ் இப்போது தனியாக இருந்தார். பொத்தான்களைக் கழற்றியிருந்தார். ஆனால் எழும்பிப் போகிற எண்ணம் அவருக்கு இல்லை. சனம் போன பிறகுதான் அவர் முகம் இன்னும் கடுமையானது.

குலேந்திரன் சொன்னான். தான் வீட்டு வாசற் படலையடியில் தம்பியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததை. தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றதை. பட்டாளத்தின் வாகனம் வந்து நின்றதை. தம்பியை அவர்கள் தலைமயிரில் பிடித்து ஏற்றியதை. வாகனம் போனபிறகும் தான் காற்றடித்துக்கொண்டே இருந்ததை. ரியூப் வெடித்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்ததை.

அதற்கு மேல் அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தம்பி திரும்பி வரவில்லை.

"சைக்கிள் அப்போது இல்லை" என்றார் டொக்டர் லோஃப்ற்றஸ். "அது போகட்டும், சிறிய பிழை. எனக்குப் பெரிய பிழை வேறொன்று. உன் தம்பியைப் பிடித்துப் போகிறார்கள். நீ காற்றடிக்கிறாய்?"

"ஓம்."

"தொடர்ந்து அடிக்கிறாய்?"

"ஓம் ஐயா."

"அவர்கள் காலில் விழவில்லை. அழவில்லை. கடவுளைக் கூப்பிடவில்லை." அவர் இறகுப் பேனாவால் மேசையைத் தட்டினார். "நாற்பது வருடமாக நான் துன்பத்தைப் படிப்பிக்கிறேன். துன்பத்துக்கு ஒரு வடிவம் உண்டு. இந்த மனிதனுக்கு அது தெரியவில்லை. வேரோனிக்கா!"

வேரோனிக்கா அறக்கட்டளையின் உணர்ச்சி ஒருங்கிணைப்பாளர். அன்பான பெண். குலேந்திரனை ஒரு பக்க அறைக்குக் கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, தோளைத் தொட்டாள். முதலில் மூச்சை உள்ளே இழுக்கவேண்டும் என்றாள். பிறகு முழங்கால் மடியவேண்டும், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் அல்ல. கைகள் நீளவேண்டும். "தம்பி" என்ற சொல்லில் குரல் உடையவேண்டும், அதற்கு முன்னால் உடைந்துவிடக்கூடாது. அவன் செய்தான். "இன்னும் கொஞ்சம்" என்றாள். மறுபடி செய்தான். அவள் ஒருமுறையும் சலிக்கவில்லை. எத்தனையோ தடவைக்குப் பிறகு, அவன் எதிர்பாராத ஒரு தருணத்தில், கண்ணீர் வந்தது.

"இதுதான்" என்றாள் வேரோனிக்கா, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. "இதை விட்டுவிடாதே."

மேசைக்கு முன்னால் குலேந்திரன் முழங்காலில் விழுந்தான். அங்கே இல்லாத பட்டாளத்தின் சப்பாத்தைக் கட்டிப்பிடித்தான். தம்பியை விடச் சொல்லிக் கதறினான். டொக்டர் லோஃப்ற்றஸ் எழுந்து வந்து அவன் கையைப் பற்றினார்.

"ஒரு வாயிற்கதவு மூடப்பட்டதால் எங்கள் இனம் செத்தது" என்றார். "உண்மையாக நிற்கும் எவனையும் நாங்கள் திருப்பி அனுப்பமாட்டோம். ஓவன் டொலன், நீ இறங்கலாம்."

மணி அடித்தார்கள். படம் எடுத்தார்கள். துணிப்பை திரும்பக் கிடைத்தது. வெளியே வந்து பார்த்தால் வாவி கறுத்திருந்தது. கியோவைக் காணவில்லை, அவர் குளத்தில் குதித்து நீந்திப் போய்விட்டதாக யோகமலர் சொன்னாள்.

"பாத்தியளே அண்ணை! சேர்ட்டிஃபிக்கற் வாங்கின மாதிரி!" வினோதன் வானை எடுத்தான், தொப்பியோடே. "நாளைக்கும் இதே மாதிரிக் குடுங்கோ. முடிஞ்சுது."

குலேந்திரன் பின்சீற்றிலிருந்து வாய்க்குள் தன் கதையை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். படலையடி வரைக்கும் ஒழுங்காக வந்தது.

"என்ன முணுமுணுக்கிறாய்?" என்றாள் யோகமலர்.

"ஒண்டுமில்லை."

மறுநாள் விசாரணை அறையில் இறகுப் பேனா இல்லை. சின்ன அறை, சாதாரண மேசை. தீர்ப்புச் சொல்லும் அகதி வாரிய உறுப்பினர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கனிவான முகம். வாரியம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர் குணவதி என்ற அம்மா. ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். டப்ளினைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கொழும்பைப் பற்றிக்கூட உறுப்பினர் சுருக்கமாகத்தான் கேட்டார்.

"உங்கள் தம்பியைக் கொண்டுபோன நாளைச் சொல்லுங்கள்" என்றார். "அவசரமில்லை. உங்கள் சொந்த வார்த்தைகளில்."

குலேந்திரன் மூச்சை உள்ளே இழுத்தான். படலையடியில் வாகனம் வந்து நின்றதைச் சொன்னான். தான் ஓடிப்போய் அவர்களின் காலில் விழுந்ததைச் சொன்னான். சப்பாத்தைக் கட்டிப்பிடித்ததை, கடவுளைக் கூப்பிட்டதை. "தம்பி" என்ற சொல்லில் குரல் சரியாக உடைந்தது. அவனுடைய சட்டத்தரணி கையிலிருந்த பேனையை மெதுவாக மேசையில் வைத்தார்.

குணவதி எல்லாவற்றையும் மொழிபெயர்த்து முடித்தார். உறுப்பினர் கண்ணீர் துடைக்கும் கடதாசிப் பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் இருந்த கோப்பில் சில பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். படித்தார். மறுபடி படித்தார். குரலில் கனிவு மாறவில்லை.

"நீங்கள் எழுதித் தந்ததில் இப்படி இல்லையே. அப்போது நீங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததாகவும், கடைசிவரை அடித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையைச் சொல்வதென்றால், இந்தக் கோப்பை நேற்றிரவு எடுத்து வைத்தபோது, அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் உங்களை நம்பினேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டில் எது நடந்தது?"

குணவதி அதைத் தமிழில் சொன்னார், ஒரு சொல்லும் விடாமல்.

குலேந்திரன் வாயைத் திறந்தான். படலை தெரிந்தது. சைக்கிளும் தெரிந்தது, தன்பாட்டில் மதிலோடு சாய்ந்தபடி. அதன் பக்கத்தில் குனிந்துகொண்டு ஒருவன் இருந்திருக்கவேண்டும். அவனை எவ்வளவு தேடியும் காணவில்லை.

உறுப்பினர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.